பொதுக் கோப்புறை இருக்கும்போது செயல்முறைக் களஞ்சியம் எதற்கு?

கேள்வி: நடுத்தர அளவுள்ள ஒரு நிறுவனத்தில் செயல்பாட்டுப் பிரிவின் மேலாளராக இருக்கிறேன். எங்களுக்குப் பல துறைகளும் சில கிளைகளும் உள்ளன. எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆவணங்கள் இல்லாமலில்லை. ஆனால் அவற்றில் சில பொதுக் கோப்புறையிலும், சில பழைய மின்னஞ்சல்களிலும், சில தனியாட்களின் கணினிகளிலும் கிடக்கின்றன. மீதி மூத்த ஊழியர்களின் நினைவில் இருக்கிறது. எல்லாச் செயல்முறைகளையும் ஒரே மையக் களஞ்சியத்தில் சேர்க்கலாம் என்று நிர்வாகத்திடம் முன்மொழிந்தேன். "பொதுக் கோப்புறை இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று கேட்டார்கள். தலைமையகம் எல்லாக் கிளைகளையும் ஒரே அச்சில் வார்க்கப் பார்க்கிறது என்பது கிளை மேலாளர்களின் வருத்தம். தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால் தங்கள் தேவை முடிந்துவிடும் என்று மூத்த ஊழியர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். நான் என்ன பதில் சொல்வது? எங்கிருந்து தொடங்குவது? எந்த மென்பொருளை வாங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் நிர்வாகம் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நேரான பதில் கிடைக்கும்வரை அவர்கள் பணம் ஒதுக்காமலிருப்பதில் தவறில்லை. ஆகவே முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கோப்புறை கோப்புகளைப் பத்திரமாக வைத்திருக்கும்; தேடினால் எடுத்துக் கொடுக்கும். ஆனால் ஒரு கோப்பில் எழுதியிருப்பதற்கும் இன்னொரு கோப்பில் எழுதியிருப்பதற்கும் என்ன தொடர்பு என்பது அதற்குத் தெரியாது. முறையாக அமைந்த செயல்முறைக் களஞ்சியம் அந்தத் தொடர்புகளையே வைத்திருக்கிறது. ஒரு செயல்முறையின் ஒவ்வொரு படியையும் எந்தப் பொறுப்பில் இருப்பவர் செய்கிறார், எந்த மென்பொருளில் செய்கிறார், எந்தப் படிவத்தைப் பயன்படுத்துகிறார், எந்த விதிக்குக் கட்டுப்படுகிறார், முடித்த பிறகு வேலை யாருடைய கைக்குப் போகிறது என்பவை அங்கே தனித்தனிப் பதிவுகளாக இருக்கும். அதே நேரம் ஒன்றோடொன்று கோக்கப்பட்டும் இருக்கும். அதனால் "இதை மாற்றினால் வேறு எவையெல்லாம் மாறும்?" என்று கேட்டால் களஞ்சியத்திடம் பதில் கிடைக்கும், கோப்புறையிடம் கிடைக்காது. களஞ்சியத்தால் வரும் மற்ற நன்மைகள் எல்லாம் இந்த ஒரு திறனிலிருந்து கிளைப்பவை என்பதே என் கருத்து.

இது புதிய சிந்தனையும் அன்று. பிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் செயல்முறை வரைபடத்தை அறிமுகப்படுத்தியபோது, ஒரு செயல்முறையின் ஒவ்வொரு நுணுக்கமும் மற்ற நுணுக்கங்களால் கூடியோ குறைந்தோ பாதிக்கப்படுகிறது, எனவே ஏதேனும் ஒரு பகுதியில் கைவைப்பதற்கு முன் முழுவதையும் ஒரே பார்வையில் காண முடிய வேண்டும் என்று வாதிட்டார்கள். அவர்கள் முன்னிருந்தது ஒரு பட்டறைக்குள் அடங்கும் வேலை. அதை ஒரு தாளில் வரைந்துவிட முடிந்தது. இன்றைய நிறுவனத்தில் ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர் பணமாகத் திரும்பி வருவதற்குள் நான்கைந்து துறைகளையும் அதே அளவு மென்பொருள்களையும் கடந்துவிடுகிறது. அந்த முழுமையை ஒரு தாளில் அடக்க முடியாது என்பதால்தான் களஞ்சியம் தேவைப்படுகிறது.

நிர்வாகத்திடம் பேசும்போது பொதுவாகப் பேசாமல் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு போங்கள். பொருள் வழங்குநரின் வங்கிக் கணக்கு விவரத்தை மாற்றும் வேலையை நான் பரிந்துரைப்பேன். அது எல்லா நிறுவனங்களிலும் நடக்கிற, பார்வைக்குச் சிறிய வேலை. வழங்குநர் மின்னஞ்சல் அனுப்புகிறார். கொள்முதல் துறை அதைப் பெறுகிறது. வழங்குநர் பட்டியலைப் பராமரிப்பவர் புதிய கணக்கு எண்ணைப் பதிகிறார். நிதித்துறை அடுத்த தவணையை அந்தக் கணக்குக்கு அனுப்புகிறது. கொள்முதல் துறையின் ஆவணத்தில், கோரிக்கையை வழங்குநர் பட்டியலைப் பராமரிப்பவருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று இருக்கும். பட்டியலைப் பராமரிப்பவரின் ஆவணத்தில், கொள்முதல் துறையிடமிருந்து வந்த கோரிக்கையைப் பதிய வேண்டும் என்று இருக்கும். நிதித்துறையின் ஆவணமோ பட்டியலில் உள்ள கணக்குக்கே பணம் அனுப்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லும். தனித்தனியே படித்தால் மூன்றும் குறையற்றவை. மின்னஞ்சலை அனுப்பியவர் உண்மையிலேயே அந்த வழங்குநர்தானா என்று, ஏற்கெனவே பதிவில் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்ய வேண்டியவர் யார்? மூன்று ஆவணங்களிலும் அந்தப் படி இல்லை. ஒவ்வொரு துறையும் அதை மற்றொரு துறை செய்திருக்கும் என்று நம்புகிறது.

வழங்குநர் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திசைதிருப்பும் மோசடி உலகெங்கும் நிறுவனங்களுக்குப் பேரிழப்பை உண்டாக்கி வருகிறது. அதில் ஏமாந்த இடங்களை ஆராய்ந்தால், ஊழியரின் கவனக்குறைவோடு இந்த இடைவெளியும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். தத்தம் துறையின் ஆவணப்படி எல்லோரும் சரியாக நடந்துகொண்ட பிறகும் பணம் போய்விடுகிறது. மூன்று துறைகளின் படிகளும் ஒரே செயல்முறையாகக் களஞ்சியத்தில் வரிசைப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் எதிரே பொறுப்பாளர் குறிக்கப்பட்டிருந்தால், சரிபார்க்கும் படி விடுபட்டிருப்பது வரையும்போதே கண்ணில் படும். என் அனுபவத்தில் ஒரு நிறுவனத்தின் சிக்கல்களில் பெரும்பகுதி துறைகளுக்கு உள்ளே இருப்பதில்லை. வேலை கைமாறும் இடங்களில் இருக்கிறது. துறைவாரியாகப் பிரித்து வைத்த கோப்புறையில் கைமாறும் இடம் யாருடைய பெட்டிக்குள்ளும் அடங்காது. அதற்கென ஓர் இடம் இருப்பது களஞ்சியத்தில் மட்டுமே.

இன்னொன்று, மாற்றம் செய்யும் நேரம். கொள்முதல் ஒப்புதலுக்கான தொகை வரம்பை நிர்வாகம் உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரம்பு கொள்முதல் கையேட்டில் இருக்கும்; கிளைகளுக்கான சுற்றறிக்கையில் இருக்கும்; பயிற்சிப் பாடத்தில் இருக்கும்; கொள்முதல், நிதி முதலிய துறைகளின் வேலைகளை ஒன்றாகக் கையாளும் ஈஆர்பி மென்பொருளின் அமைப்பிலும் இருக்கும். யாரோ இரண்டு இடங்களில் திருத்துவார், மற்ற இடங்களில் பழைய எண்ணே நிற்கும். அடுத்த ஆண்டு தணிக்கையில் எது சரியான வரம்பு என்ற விவாதம் எழும்போது, ஆவணங்களைப் படித்து யாராலும் அதைத் தீர்க்க முடியாது. களஞ்சியத்தில் அந்த விதி ஒரே ஒரு பதிவாக இருக்கும்; அதைப் பயன்படுத்தும் செயல்முறைகள் அனைத்தும் அந்தப் பதிவைச் சுட்டி நிற்கும். திருத்துபவர் ஓரிடத்தில் திருத்துகிறார். எந்தெந்தப் பயிற்சிப் பாடத்தையும் எந்த மென்பொருள் அமைப்பையும் உடன் மாற்ற வேண்டும் என்ற பட்டியல் அங்கேயே அவருக்குக் கிடைக்கிறது. மென்பொருளில் உள்ள எண் தானாக மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. மாற்ற வேண்டும் என்பது மறந்துபோகாது என்கிறேன்.

தணிக்கை என்றதும் நிர்வாகம் காது கொடுக்கும். பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ தர மேலாண்மைக்கென வெளியிட்ட 9001 தரநிலையின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு தரக் கையேடு என்ற தனி ஆவணத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் செயல்முறைகளைத் தீர்மானிப்பதையும், அவற்றின் வரிசையையும் ஒன்றோடொன்று கொள்ளும் உறவையும் வரையறுப்பதையும் 4.4-ஆம் பிரிவு கேட்கிறது; ஆவணப்படுத்திய தகவல் தேவையான இடத்தில் தேவையான நேரத்தில் கிடைக்க வேண்டும், அதில் செய்யும் மாற்றங்கள் கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று 7.5-ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2002-ஆம் ஆண்டின் சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டம் 404-ஆம் பிரிவின்படி, நிதி அறிக்கை தொடர்பான உள்கட்டுப்பாடுகள் செயல்படுகின்றனவா என்று ஆண்டுதோறும் மதிப்பிட்டாக வேண்டும். 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 30-ஆம் விதி, தனிநபர் தரவை எந்தெந்த நோக்கத்துக்காகக் கையாளுகிறோம் என்ற பதிவேட்டைக் கேட்கிறது. தொழில் தொடர்ச்சிக்கான ஐஎஸ்ஓ 22301, எந்தச் செயல்பாடு நின்றால் எவ்வளவு காலம் தாங்க முடியும் என்று கேட்கிறது.

இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது உங்கள் தொழிலையும் நாட்டையும் பொறுத்தது. கேட்பவர்கள் வேறு, நோக்கங்கள் வேறு என்றாலும், எல்லோரும் கேட்பது ஒரே அடிப்படைத் தகவலைத்தான்: என்ன வேலை, யார் செய்கிறார், எதைக் கொண்டு செய்கிறார், எங்கே சரிபார்க்கிறார். களஞ்சியம் இல்லாத நிறுவனத்தில் தரப் பிரிவும் நிதிப் பிரிவும் தகவல் பாதுகாப்புப் பிரிவும் தனித்தனியே வந்து, அதே ஊழியரை உட்கார வைத்து, அதே கேள்விகளைக் கேட்டு, முடிவில் ஒன்றோடொன்று பொருந்தாத தனித்தனி எக்செல் தாள்களைத் தயாரிக்கின்றன. அந்த ஊழியரின் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை நிர்வாகத்திடம் சொல்லுங்கள். களஞ்சியத்துக்கு ஆகும் செலவை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

கிளை மேலாளர்களின் வருத்தத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மையக் களஞ்சியம் என்ற பெயரில் உண்மையிலேயே எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்த நிறுவனங்கள் உண்டு, அவை பட்ட தொல்லைகளும் உண்டு. ஒரே வேலையை ஒரு கிளை ஏழு படிகளிலும் இன்னொரு கிளை பதினொரு படிகளிலும் செய்தால், கூடுதலாக உள்ள நான்கு படிகள் வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். அந்தப் பகுதியின் சட்டமோ அங்குள்ள வாடிக்கையாளரின் ஒப்பந்தமோ கேட்கும் கட்டாயமாகவும் இருக்கலாம். எது எதனால் என்று தெரியாமல் வெட்டினால் தீங்கு நேரும். தெரியாமல் விட்டு வைத்தாலும் செலவு. பொதுவான செயல்முறையை ஓரிடத்தில் வைத்து, கிளைகளின் மாறுபாடுகளை அதனோடு இணைத்து, ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் காரணத்தை எழுதி வைக்கும் வசதி களஞ்சியத்தில் இருக்க வேண்டும். காரணம் எழுதப்பட்ட மாறுபாடு தலைமையகத்தின் அடுத்த மாற்றத்திலிருந்து பாதுகாப்புப் பெறுகிறது. கிளை மேலாளர்களிடம் இந்தக் கோணத்தில் பேசிப் பாருங்கள். தங்கள் நிலைமையைத் தலைமையகத்துக்குத் திரும்பத் திரும்ப விளக்கிச் சலித்தவர்கள் அவர்கள்தான்.

மூத்த ஊழியர்களின் அச்சம் இன்னும் கவனமாக அணுக வேண்டியது. அது ஆதாரமற்ற அச்சம் என்று சொல்லிச் சமாதானப்படுத்த முயல வேண்டாம். எழுதி வாங்கிக்கொண்டு ஆளைக் குறைத்த நிர்வாகங்களும் இருக்கின்றன. உங்கள் நிர்வாகத்துக்கு அப்படிப்பட்ட எண்ணம் இல்லை என்றால், அதை நிர்வாகமே அவர்களிடம் நேரில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட எண்ணம் இருந்தால் இந்த முயற்சியைத் தொடங்கவே வேண்டாம், ஏனென்றால் அச்சத்தில் எழுதித் தரப்படும் செயல்முறையில் முக்கியமான படிகள் விடுபட்டிருக்கும். உண்மையில் களஞ்சியத்தில் ஏறுவது வேலையின் வழி மட்டுமே. வழக்கமல்லாத ஒரு கோரிக்கை வரும்போது எந்த விதியைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தவே கூடாது என்று முடிவெடுக்கும் தேர்ச்சியை யாராலும் கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் வரைந்துவிட முடியாது. எது எழுத்தில் அடங்கும், எது அடங்காது என்பதைப் பிரித்துச் சொல்லக்கூடியவரும் அந்த மூத்த ஊழியரே. அவரையே அந்தச் செயல்முறையின் உரிமையாளராக நியமித்து, அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரியும் மாறாது என்று விதியாக்குங்கள். விடுப்பில் இருக்கும்போதும் "அந்தக் கோப்பு எங்கே, இதை யாருக்கு அனுப்புவது" என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும் நிலை அவருக்கும் சுமைதான். வழக்கமான கேள்விகளுக்குக் களஞ்சியம் பதில் சொல்லத் தொடங்கினால், அவருடைய நேரம் அவருடைய தேர்ச்சி வேண்டிய வேலைகளுக்குக் கிடைக்கும்.

புதிய ஊழியருக்குப் பயிற்சி, ஈஆர்பி மாற்றம், தானியங்கி முறைகள் ஆகியவற்றில் கிடைக்கும் உதவியை நிர்வாகம் தானாகவே ஊகித்துக்கொள்ளும். நீட்டி விளக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். மென்பொருள்களின் நிகழ்வுப் பதிவுகளைப் படித்து, வேலை உண்மையில் எந்த வழியில் நடந்தது என்று காட்டும் செயல்முறை அகழ்வுக் கருவிகள் இன்று பரவலாகிவிட்டன. அவை நடந்ததைக் காட்டும். நடந்திருக்க வேண்டியது எது என்பது எழுத்தில் இருந்தால்தான் இரண்டையும் ஒப்பிட்டு விலகலைக் கண்டறிய முடியும்.

இவ்வளவு சொன்ன நான், களஞ்சியங்கள் எப்படிக் கெட்டுப்போகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆர்வத்தோடு தொடங்கி, ஆலோசகர்களை வைத்து நூற்றுக்கணக்கான வரைபடங்களை வரைந்து, இரண்டே ஆண்டுகளில் யாரும் திறந்து பார்க்காத நிலைக்கு வந்த களஞ்சியங்கள் ஏராளம். பழைய தகவல் உள்ள களஞ்சியம் ஒன்றுமே இல்லாத நிலையைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதை நம்பி ஒருவர் தவறான படியைச் செய்வார். பெரும்பாலும் காரணம் ஒன்றே: வரைந்தவர் இருந்தார், உரிமையாளர் இல்லை. ஒவ்வொரு செயல்முறைக்கும் பெயர் குறிப்பிட்ட ஓர் உரிமையாளர், அடுத்த மறுஆய்வுத் தேதி, வெளியிடப்பட்ட ஒரே பதிப்பு, பழைய பதிப்புகளுக்குத் தனியிடம் ஆகிய நான்கும் இல்லாத எதையும் களஞ்சியத்துக்குள் விடாதீர்கள்.

தரத்தைப் பற்றியும் விழிப்பு வேண்டும். ஈஆர்பி மென்பொருள் தயாரிக்கும் எஸ்ஏபி நிறுவனம் தன் மென்பொருளுக்காக உருவாக்கிய மாதிரிச் செயல்முறைத் தொகுப்பில் 604 வரைபடங்கள் இருந்தன. ஆய்வாளர்கள் 2006 வாக்கில் அவற்றைக் கணினி கொண்டு சோதித்தபோது, குறைந்தது 34 வரைபடங்களில் தர்க்கப் பிழை இருப்பது தெரிந்தது. சொல்லப்பட்ட வழியிலேயே போனால் வேலை முடியாமல் நின்றுவிடும் வகைப் பிழைகள் அவை. துறையில் முன்னணியில் உள்ளவர்கள் வரைந்தவற்றிலேயே அது நேர்ந்தது. பிழை இருந்ததைவிட, எல்லாம் ஒரே இடத்தில் ஒரே குறியீட்டில் இருந்ததால் அவற்றை மொத்தமாகச் சோதிக்க முடிந்தது என்பதே நமக்கு முக்கியம். வேர்ட் கோப்புகளில் சிதறிக் கிடந்திருந்தால் அது நடந்திருக்காது. அதே ஆய்வாளர் வட்டத்திலிருந்து 2010-இல் வந்த வழிகாட்டுதல்களில் ஒன்று, ஒரு வரைபடத்தில் 50 உறுப்புகளுக்கு மேல் போனால் பிழைக்கான வாய்ப்பு மிகுவதால் அதைப் பிரித்துவிட வேண்டும் என்கிறது. நான் அதையும்விடச் சிறியதாகவே வரையச் சொல்வேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். முதலில் நிறுவனத்தின் செயல்முறைகளுக்கு ஒரே ஒரு பக்கத்தில் தலைப்புப் பட்டியல் போடுங்கள். அமெரிக்க உற்பத்தித்திறன் தர மையமான ஏபிக்யூசி 1990-களின் தொடக்கத்திலிருந்து பராமரித்து வரும் செயல்முறை வகைப்பாடு, எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்படி 13 பெரும் பிரிவுகளாக அமைந்துள்ளது. அதைப் பார்த்து உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொண்டால், எதையாவது மறந்துவிட்டோமோ என்ற கவலை குறையும். பிறகு பல துறைகளைக் கடக்கும், இப்போது வலியைத் தரும் ஒரே ஒரு செயல்முறையைத் தேர்ந்தெடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை செய்து முடியுங்கள். வேலை எப்படி நடக்க வேண்டும் என்று விவாதிக்குமுன், இன்று எப்படி நடக்கிறது என்பதை அதைச் செய்பவர்களின் அருகில் அமர்ந்து பதிவு செய்யுங்கள். மேலாளர்களை மட்டும் கேட்டு வரைந்தால், அவர்கள் எப்படி நடப்பதாக நினைக்கிறார்களோ அதுதான் கிடைக்கும்.

வரைவதற்கு, செயல்முறைகளை வரைபடமாக்குவதற்கான பொதுக் குறியீட்டு முறையான பிபிஎம்என்-ஐப் பயன்படுத்துங்கள். அதன் 2.0 பதிப்பு 2011-இல் வெளியானது. 2013-இல் ஐஎஸ்ஓ தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. அதில் உள்ள எல்லாக் குறிகளையும் கற்க வேண்டியதில்லை. தொடக்கம், முடிவு, பணி, முடிவெடுக்கும் இடம், பொறுப்பாளரைக் காட்டும் நீச்சல் பாதை ஆகியவை பெரும்பாலான வேலைக்குப் போதும். படியின் பெயரில் வினை இருக்கட்டும். "விலைப்பட்டியல்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது, "விலைப்பட்டியலை ஆர்டரோடு ஒப்பிடுதல்" என்று எழுதினால் விளங்கும்.

மென்பொருளை நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். வாங்குவதும் கடைசியாகவே இருக்கட்டும். முதல் செயல்முறையை உங்களிடம் ஏற்கெனவே உள்ள கருவிகளைக் கொண்டு செய்யுங்கள். எந்த இடத்தில் அவை போதாமல் போகின்றன என்று குறித்துக்கொண்டே வாருங்கள். அந்தக் குறிப்பே உங்கள் தேவைப் பட்டியல். ஒரு விதியையோ பொறுப்பையோ தேர்ந்தெடுத்தால் அது எந்தெந்தச் செயல்முறைகளில் வருகிறது என்று மென்பொருள் காட்ட வேண்டும். யார் எப்போது எதை மாற்றினார், யார் ஒப்புதல் தந்தார் என்பது தானாகப் பதிவாக வேண்டும். வரைபடங்களைப் பிபிஎம்என் 2.0 வடிவில் முழுமையாக வெளியே எடுக்க முடிய வேண்டும், இல்லையென்றால் பிற்காலத்தில் அந்த விற்பனையாளரை விட்டு விலக முடியாது. உரிமக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். வரைபவர்கள் ஒரு சிலராகவே இருப்பார்கள். படிப்பவர்கள் எல்லா ஊழியர்களும். படிப்பவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டணம் கேட்டால், செலவைக் குறைப்பதற்காக அனுமதியைச் சிலரோடு நிறுத்திக்கொள்வீர்கள். வேலையைச் செய்பவர்கள் மறுபடியும் பழைய அச்சுப் பிரதியைப் பார்த்தே செய்வார்கள். அப்படிப்பட்ட மென்பொருள் மற்ற எல்லாவற்றிலும் சிறந்ததாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.